பாண் கிடைக்காத குளிர்காலம்: ஒரு தானியத்தின் கதை



உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் மஹல்லா வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு வீடியோ சுற்றியது. பார்லியில் செய்யும் தல்பீனாவைக் குடித்தால் நிர்ப்பீடன சக்தி பல மடங்கு கூடும், எந்த நோயும் கிட்ட வராது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இரண்டு நாள் கழித்து என்னிடம் முன்பு படித்த பிள்ளை ஒருத்தி கோல் எடுத்தாள். இப்போது அவளும் ஒரு உம்மா. "சேர், மகனுக்கு சீலியாக் நோய் என்று டொக்டர் சொல்லி, கோதுமை, பார்லி எல்லாம் நிப்பாட்டச் சொன்னார். இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மாமி தல்பீனா காய்ச்சிக் கொடுக்கச் சொல்றா. சுன்னத்தான சாப்பாடு எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கிறா. நான் என்ன சொல்ல?"

போனில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆனால் அந்த டொக்டர் சொன்ன ஒரு வரி ஆலோசனைக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் பஞ்சம் இருக்கிறது, யுத்தம் இருக்கிறது, பிழையான வைத்தியமும் நிறைய இருக்கிறது. மாமிமாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நோயின் பெயர் மிகப் பழையது. கப்படோக்கியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்ற கிரேக்க வைத்தியர், இன்றைக்குச் சுமார் 1,900 வருடங்களுக்கு முன்னர், சாப்பிட்டது செமிக்காமல் வெளியேறி உடம்பு மெலிந்து போகும் நோய் ஒன்றை எழுதி வைத்தார். வயிற்றுக்குக் கிரேக்கத்தில் 'கொய்லியா' என்பார்கள். சீலியாக் என்ற சொல் அதிலிருந்து வந்தது.

அதன் பிறகு பெரிய இடைவெளி. 1887 ஒக்டோபரில் இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் ஆஸ்பத்திரியில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இந்த நோயைப் பற்றி விரிவுரை செய்தார். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகளில் அதிகம் காண்கிறோம். வயிறு ஊதி, கை கால் சூம்பி, வெளிறிய, நாற்றமுள்ள மலம் நிறையப் போகும். பல பிள்ளைகள் மௌத்தாகின்றன என்றெல்லாம் விவரித்தார். இந்த நோய் குணமாவதென்றால் அது சாப்பாட்டால்தான் முடியும் என்றும் சொன்னார். மனிதர் சரியான கதவைத்தான் தட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. அவருடைய உணவுப் பட்டியலில் சோறு கூடாது, சவ்வரிசி கூடாது. மெல்லியதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய பாண் கொடுக்கலாம்! இன்று எந்த வைத்தியரும் இதை நேர் எதிராகத்தான் சொல்வார்.

ஜீ எழுதியதில் எனக்கு மறக்க முடியாதது ஒரு பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளைக்குத் தினமும் ஒல்லாந்திலிருந்து வந்த மட்டிச் சதையைக் கொடுத்தார்கள். பிள்ளை நன்றாகத் தேறியது. மட்டிக் காலம் முடிந்தது, பிள்ளை திரும்பவும் விழுந்தது. அடுத்த காலம் வந்தபோது அந்தச் சாப்பாட்டைத் தொடவே மறுத்துவிட்டது. மட்டியில் மருந்து ஒன்றும் இருக்கவில்லை. மட்டியால் வயிறு நிரம்பியதால் வேறு ஏதோ ஒன்று உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். அந்த 'வேறு ஏதோ ஒன்று' எது என்று கேட்க இன்னும் ஐம்பது வருடம் தேவைப்பட்டது.

இதே பிழையை அமெரிக்காவில் வாழைப்பழத்தோடு செய்தார்கள். நியூயோர்க்கில் சிட்னி ஹாஸ் என்ற சிறுவர் வைத்தியர் 1924இல் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். பாண், பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் தடுத்து வாழைப்பழத்தை நிறையக் கொடுத்தார். பிள்ளைகள் பிழைத்தன. அவரால் உயிர் தப்பியவர்கள் ஏராளம், அதை மறுக்க முடியாது. ஆனால் பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று உலகம் நம்பியது. குணமாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பவும் பாண் கொடுத்தால் உள்ளே குடல் மறுபடி பாழாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றைக் கொடுத்ததால் சுகமா, ஒன்றை நிறுத்தியதால் சுகமா? வட்ஸ்அப் வைத்தியத்தில் இந்தக் கேள்வியை இன்றைக்கும் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒரு ஒல்லாந்தர். எங்கள் கரையோரமெல்லாம் கோட்டை கட்டி வைத்துவிட்டுப் போன அதே நாட்டவர். பெயர் வில்லெம் கரெல் டிக்கே, பிறந்தது 1905இல். 1936இல், 31 வயதிலேயே, ஹேக் நகரின் யூலியானா சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாளராக வந்தார்.

அவருக்கு முதல் துப்புக் கொடுத்தது ஒரு உம்மா என்று பின்னாளில் அந்நாட்டு வைத்தியர்கள் எழுதிய வரலாறு சொல்கிறது. சீலியாக் நோயுள்ள தன் பிள்ளைக்குப் பாணை நிறுத்தியதும் தோலில் இருந்த தடிப்பு சட்டென்று குறைந்தது என்று அந்தத் தாய் அவரிடம் சொன்னாராம். அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் இல்லை. டிக்கே அதை "படிக்காதவள் கதை" என்று தள்ளிவிடாமல் காது கொடுத்தார். 1930களின் நடுப்பகுதியிலேயே கோதுமை இல்லாத சாப்பாட்டைப் பரிசோதிக்கத் தொடங்கினார். 1941இல், நாடு ஜேர்மன் படைகளின் கையில் இருந்தபோது, பாணும் ரஸ்க்கும் இல்லாத எளிய உணவுமுறை பற்றி டச்சு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்.

இந்த ஆண்டைக் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் கதைகளில் பெரும்பாலும், பஞ்சம் வந்தது, பாண் இல்லாமல் போனது, டிக்கேக்கு ஞானம் பிறந்தது என்று எழுதியிருப்பார்கள். அப்படி இல்லை. சந்தேகம் முதலிலேயே இருந்தது. பஞ்சம் அதற்குச் சாட்சி சொன்னது.

அந்தப் பஞ்சத்தை ஒல்லாந்தர் 'பசிக் குளிர்காலம்' என்கிறார்கள். 1944 செப்டெம்பரில், நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குத் தண்டனையாக மேற்குப் பகுதிக்கு உணவு போவதை ஜேர்மனியர் தடுத்தார்கள். தடையைத் தளர்த்திய நேரம் கடுங்குளிர் வந்து கால்வாய்கள் உறைந்தன, படகும் ஓடவில்லை. அம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம், ஹேக் எல்லாம் பட்டினி. ஆளுக்கு ஒரு நாளைக்கான பங்கீடு 400 முதல் 800 கலோரிக்குள் வந்தது. சீனிக்கிழங்கையும் டியூலிப் பூவின் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள்.

எங்கள் வாப்பாமார், உம்மாமார் 70களின் பாண் கியூவைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விடியற்காலையில் வரிசையில் நின்றதும், மரவள்ளிக்கிழங்கில் நாள் போனதும் அவர்களுக்கு இன்னும் ஞாபகம். ஆனால் அந்தக் குளிரும் அந்தச் சாவும் அல்லாஹ்வின் காவலால் எங்களுக்கு வரவில்லை.

அந்த மாதங்களில் டிக்கேயின் வார்டில் நடந்ததுதான் விசித்திரம். ஊரிலுள்ள பிள்ளைகளெல்லாம் மெலிந்துகொண்டு போக, சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பிறகு சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் அனுப்பிய மாவில் வெள்ளைப் பாண் சுட்டுப் பகிர்ந்தார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் நேச நாட்டு விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டன. நாடே சந்தோஷப்பட்டது. ஆஸ்பத்திரிகளும் பிள்ளைகளுக்குப் பாண் கொடுக்கத் தொடங்கின. சீலியாக் பிள்ளைகளின் வயிறு திரும்பவும் ஊதியது.

பசித்த பிள்ளைக்குக் கிடைத்த முதல் வெள்ளைப் பாண் துண்டே அதற்கு நஞ்சாகிறது. கொடுத்த நர்ஸின் மனது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிக்கே இதோடு நின்றிருந்தால் அதுவும் இன்னொரு கதைதான். அவர் அளந்தார். சில பிள்ளைகளை நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் வைத்து, சாப்பாட்டில் ஒரு தானியத்தைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக எடையையும் வளர்ச்சியையும் பதிந்தார். அதைவிடத் திறமான அளவுகோல் ஒன்று உட்ரெக்ட் நகரிலிருந்து கிடைத்தது. வான் டெ காமர் என்ற இரசாயனவியலாளர், மலத்திலுள்ள கொழுப்பை நம்பகமாக அளக்கும் முறையொன்றை 1949இல் வெளியிட்டார். குடல் கொழுப்பை உறிஞ்சவில்லையென்றால் அது மலத்தில் போகும். ஆகவே எந்தச் சாப்பாடு குடலைப் பழுதாக்குகிறது என்பதை எண்ணிக்கையில் காட்டலாம். கேட்க அருவருப்பாக இருந்தாலும், பல உயிர்களைக் காத்தது அந்த அளவுதான். வையர்ஸ் என்ற சிறுவர் வைத்தியரும் சேர்ந்துகொண்டார்.

1950இல் டிக்கே உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கோதுமை மாவும் றை மாவும் கெடுதல். அரிசியும் சோளமும் உருளைக்கிழங்கும் கெடுதல் இல்லை. 1952இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் சார்லொட் அண்டர்சனும் கூட்டாளிகளும் கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவி மாப்பொருளையும் குளுட்டனையும் வேறாக்கிப் பார்த்தார்கள். மாப்பொருள் குற்றவாளி இல்லை, குளுட்டன்தான். குளுட்டனுக்குள்ளும் அற்ககோலில் கரையும் கிளையடின் என்ற புரதம்தான் என்று 1953இல் ஒல்லாந்துக் குழு காட்டியது.

குளுட்டன் எது என்று தெரியாதவர்களுக்கு: ரொட்டிக்கு மா குழைத்து, அந்த உருண்டையைத் தண்ணீருக்குள் பிசைந்துகொண்டே இருங்கள். வெள்ளையாக மாப்பொருள் கரைந்து போகும். கையில் றப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். வீச்சு ரொட்டி கிழியாமல் காற்றில் விரிவது அதன் புண்ணியத்தில்தான். அரிசி மாவில் வீச்சு ரொட்டி போட முடியாததும் அதனால்தான். என் வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்விப்பேன், ஒரே சத்தமாக இருக்கும்.

சரி, குற்றவாளி பிடிபட்டான். ஆனால் குற்றம் எப்படி நடந்தது? ஒரே சட்டியில் சுட்ட ரொட்டியை வீட்டில் ஆறு பேர் தின்கிறார்கள், ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏன்?

முதலில் குடலுக்குள் பார்க்க வேண்டியிருந்தது. 1954இல் போலி என்ற ஆங்கிலேய வைத்தியர், சத்திரசிகிச்சையில் எடுத்த குடல் துண்டுகளில் அழற்சி இருப்பதையும், சடைமுளைகள் பாழாகியிருப்பதையும் கண்டார். 1956இல் மார்கொட் ஷைனர், வயிற்றை வெட்டாமல் வாய் வழியே குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துண்டு எடுக்க வழி கண்டார். சாதாரண தரத்தில் படித்திருப்பீர்கள்: சிறுகுடலின் உள் சுவரில் கம்பளி விரிப்பின் மயிர் மாதிரி சடைமுளைகள் இருக்கும், போசணை அவற்றால்தான் உறிஞ்சப்படும். இந்த நோயாளிகளில் கம்பளி மழித்துவிட்டது போல இருந்தது. சாப்பிட்டாலும் உடம்பில் சேராததன் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆனால் மழித்தது யார்? கிளையடினைச் செமிக்கும் ஏதோ ஒரு நொதியம் இவர்களுக்குக் குறைவு, செமிக்காத மிச்சம் நஞ்சாகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள். நியாயமான ஊகம். அப்படியொரு நொதியக் குறைபாட்டைத் தேடித் தேடி யாராலும் பிடிக்க முடியவில்லை. மறுபக்கம், குடல் துண்டுகளில் நிணநீர்க்கலங்கள் அளவுக்கு மிஞ்சிக் கூடியிருப்பதை கிளாஸ்கோவில் ஆன் ஃபெர்குசன் 1971இல் எண்ணிக் காட்டினார். நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது கிருமியை அடிக்க வேண்டிய காவற்படை, கிருமியே இல்லாத இடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இனி வருவது கொஞ்சம் கஷ்டமான பகுதி, மெதுவாகப் போவோம்.

கிளையடினில் புரோலின், குளுட்டமின் என்ற அமினோ அமிலங்கள் மிக அதிகம். புரோலின் நெருக்கமாக உள்ள இடத்தை மனிதனின் செமிபாட்டு நொதியங்களால் வெட்ட முடியாது. எவருடைய நொதியத்தாலும்தான், நோயாளியுடையதால் மட்டுமல்ல. 2002இல் ஸ்டான்ஃபோர்டில் கோஸ்லாவின் குழு, 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு வயிற்றையும் குடலையும் தாண்டி வெட்டுப்படாமல் மிஞ்சுவதைக் காட்டியது. இன்று காலையில் பாண் தின்ற எல்லோருடைய குடலிலும் அப்படியான துண்டுகள் இருக்கும். பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான உடம்புகள் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடும்.

சிலரின் குடல் சுவரில் கதை மாறுகிறது. இழையங்களைச் செப்பனிடும் டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதியம் இந்தத் துண்டிலுள்ள குளுட்டமினைக் குளுட்டமிக் அமிலமாக மாற்றிவிடும். அதனால் துண்டுக்கு மறை ஏற்றம் வருகிறது. நிர்ப்பீடனக் கலங்களின் மேற்பரப்பில், பிடித்ததைத் தூக்கிக் காட்டும் தட்டு மாதிரியான புரதங்கள் உண்டு. அவற்றில் டீகியூ2, டீகியூ8 என்ற இரண்டு வகைக்கு மறை ஏற்றமுள்ள துண்டு கச்சிதமாகப் பொருந்தும். இந்தத் தட்டு பரம்பரையாக வருவது. ஒஸ்லோவில் லுட்விக் சொலிட்டும் கூட்டாளிகளும் டீகியூ2இன் பங்கை 1989இல் காட்டினார்கள். தட்டில் உள்ள கோதுமைத் துண்டைக் கண்டு கிளர்ந்தெழும் ரீ நிணநீர்க்கலங்களை நோயாளிகளின் குடலிலிருந்தே 1993இல் பிரித்தெடுத்தார்கள். 1997இல் பேர்லினில் டீட்டெரிக், ஷுப்பான் குழு, நோயாளியின் உடம்பு அந்த டிரான்ஸ்குளுட்டமினேஸ் நொதியத்துக்கு எதிராகவே பிறபொருளெதிரி உண்டாக்குவதைக் கண்டது. இன்று ஆஸ்பத்திரியில் எடுக்கும் குருதிப் பரிசோதனை அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளை.

ரீ கலம் கிளர்ந்தால் இரசாயனச் சைகைகளை விடும். அதைக் கேட்டு மற்றக் கலங்களும் எழும். குடலின் மேற்றோலுக்குள் இருக்கும் நிணநீர்க்கலங்கள் தம் சொந்தச் சுவரையே அழிக்கத் தொடங்கும். பள்ளியில் யாரோ "கள்ளன்" என்று கத்த, ஊர் இளைஞரெல்லாம் பொல்லோடு ஓடி வந்து, கடைசியில் அடிபட்டது பள்ளிச் சுவர்தான் என்ற மாதிரி.

கோதுமையின் கிளையடினுக்குச் சொந்தக்காரர்கள் பார்லியிலும் (ஹோர்டீன்) றையிலும் (செக்கலின்) இருக்கின்றன. குரக்கனிலும் சோளத்திலும் அரிசியிலும் இந்தப் பிரச்சினை இல்லை. டீகியூ2 இருந்தால் எல்லோருக்கும் நோய் வருமா என்றால் இல்லை. ஐரோப்பியரில் மூன்றில் ஒருவர் அளவில் இந்த இரண்டு வகைகளில் ஒன்றைச் சுமக்கிறார்கள், நோய் வருவது நூற்றில் ஒருவருக்கு அளவில்தான்.

இந்தக் கதையில் எங்கள் உம்மத்தோடு தொடர்பான ஒரு பக்கமும் உண்டு. மேற்குச் சஹாராவின் சஹ்ராவி மக்கள் ஒட்டகப் பாலும் இறைச்சியும் பேரீச்சையும் என்று வாழ்ந்த நாடோடி முஸ்லிம்கள். 1975, 76 காலத்து யுத்தத்தில் இடம்பெயர்ந்து அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவன முகாம்களுக்குப் போனார்கள். அங்கே நிவாரணமாக வந்தது பெரும்பாலும் கோதுமை மா. இத்தாலிய வைத்தியர் கட்டாசி குழுவினர் முகாம்களில் ஏறக்குறைய 1,000 பிள்ளைகளைப் பரிசோதித்து 1999இல் வெளியிட்ட முடிவு: 5.6 வீதமானவர்களுக்குச் சீலியாக். ஐரோப்பாவை விட ஐந்து மடங்குக்கும் மேல். டீகியூ2 அதிகமுள்ள ஒரு சமூகத்துக்கு, பழகாத தானியம் திடீரென்று ஒரே சாப்பாடாகிப் போனது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒல்லாந்துப் பிள்ளைகளுக்குப் பாண் இல்லாத பஞ்சம் சுகம் கொடுத்தது. சஹ்ராவிப் பிள்ளைகளுக்குப் பசி தீர்க்க வந்த மாவே நோய் கொடுத்தது.

இனி தல்பீனாவுக்கு வருகிறேன்.

பார்லியில் பீற்றா குளுக்கன் என்ற நார்ப்பொருள் உண்டு. அந்த வீடியோக்காரர் அதை வைத்துத்தான் பேசுகிறார். முற்றிலும் பொய் என்று சொல்ல மாட்டேன். 2001இல் ஒக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுனும் சியமொன் கோர்டனும் டெக்டின்-1 என்ற வாங்கியைக் கண்டார்கள். நோய்க்கிருமியை விழுங்கும் கலங்கள் அதன் மூலம் பீற்றா குளுக்கனை உணர்கின்றன. ஆனால் அந்த ஏற்பாடு பங்கசுக் கிருமிகளை அடையாளம் காண்பதற்கானது. பங்கசின், ஈஸ்டின் பீற்றா குளுக்கனும் தானியத்தின் பீற்றா குளுக்கனும் பெயரில் ஒன்று, கட்டமைப்பில் வேறு. பார்லி, ஓட்ஸின் பீற்றா குளுக்கன் கெட்ட கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்பது மனிதரில் நன்றாக நிரூபிக்கப்பட்டது. கிண்ணம் குடித்தால் எந்த நோயும் வராது என்பது நிரூபிக்கப்பட்டதல்ல.

தல்பீனா நோயாளியின் மனதுக்கு ஆறுதல் தரும், கவலையைக் கொஞ்சம் போக்கும் என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியில் வந்திருக்கிறது. அதை நாங்கள் ஈமான் கொள்கிறோம். அந்த ஹதீஸில் இல்லாத "நிர்ப்பீடனம் பல மடங்கு" என்ற விளம்பரத்தை நபி (ஸல்) அவர்களின் பெயரில் ஒட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. தேனும் நல்ல சாப்பாடுதான், அதற்காக நீரிழிவுக்காரருக்குக் கோப்பை கோப்பையாக யாரும் ஊற்றுவதில்லையே. அந்தப் பிள்ளையின் மாமியிடம் இப்படித்தான் சொன்னேன். அவ யோசித்துவிட்டு, "அப்போ நான் அரிசிமாக் கூழ் காய்ச்சுறேன்" என்றா.

இன்னொரு விடயம். இந்தப் பதிவை வாசித்துவிட்டு, வயிறு ஊதும் பிள்ளைக்கெல்லாம் நாளைக்கே நீங்களாகப் பாணை நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் போங்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் பிறபொருளெதிரி குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். நோய் உறுதியானால் பாதி நிறுத்தம் என்று ஒன்று கிடையாது, வாழ்நாள் முழுக்க முழுசாக நிறுத்த வேண்டும். கடை இடியப்பத்திலும் பிட்டிலும் கோதுமை மா கலந்திருக்கலாம். சோயா சோஸிலும் கோதுமை உண்டு. இஃப்தார் மேசையிலுள்ள ரோல்ஸ், பெட்டிஸ், சமோசா, ரவைப் பலகாரம் எதுவும் சரிவராது.

நேற்று அந்தப் பிள்ளை திரும்பவும் கோல் எடுத்தாள். பள்ளி நோன்புக் கஞ்சியை மகனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி, இஞ்சி, பூடு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் மகள், ஆனால் கெட்டியாக வர வேறு மா ஏதும் கரைத்து ஊற்றுகிறார்களா என்று காய்ச்சுபவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள் என்றேன். எங்கள் பள்ளியில் யார் காய்ச்சுகிறார் என்று அவளுக்குத் தெரியாதாம். நாளை அஸருக்குப் போகும்போது நானே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.